கதவோரத் தகடு

யூமாவில் நவம்பர் கடைசி வாரம்.
மணல்மேடுகளுக்குப் போகிறவர்கள்
என் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும்,
பாதிப் பேர் வில் ஒடிந்து,
மீதிப் பேர் ஒடியப்போவது தெரியாமல்.

டார்ப் தம்பதியின் வண்டி
பின்பக்கம் குந்தியபடி வந்து நின்றது,
மூக்குமுட்டத் தின்றவன்
பந்தியை விட்டு எழ மாட்டாததைப் போல.

முப்பத்தைந்தடி வீடு.
வீட்டின் வாலில் ஒரு கொட்டகை.
உள்ளே மணல் கார் ஒன்று, பைக் மூன்று,
பெட்ரோல் கேன்கள், இரும்புக் கருவிப்பெட்டி,
இறைச்சி வாட்டும் அடுப்பு,
யாரோ சும்மா கொடுத்த பழைய ஜெனரேட்டர்.
விளையாட்டுச் சாமான் என்கிறார்கள் இவற்றை.
தூக்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

"வில்லைப் பலமாக்கு, இமெல்டா" என்றார் வெண்டல்.
"காற்றுப்பை போடு. டயரைப் பெரிதாக்கு.
காசு பிரச்சினை இல்லை."

ஓட்டுநர் கதவைத் திறந்து
விளிம்பில் இருந்த தகட்டைக் காட்டினேன்.
பின் அச்சு: பதினைந்தாயிரத்து ஐந்நூறு ராத்தல்.
நெடுஞ்சாலை எடைமேடையின் சீட்டு
அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.
பதினாறாயிரத்து எழுநூற்றெண்பது.
நாலாய் மடித்து வைத்திருந்தார்,
மடித்தால் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனாலும் செய்தேன்.
நான் பாதிரியார் இல்லை, வில் போடுகிறவள்.

மூன்றாம் நாள் வண்டி நிமிர்ந்தது.
மட்டக்கோல் வைத்தால் குமிழி நட்டநடுவில்.
சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டார்.

மறுபடி எடைமேடை.
பதினாறாயிரத்து எண்ணூற்றெழுபது.

"கூடியிருக்கிறதே!"
"புது வில்லுக்கும் எடை உண்டு."

குந்துவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.
அச்சுக்கும் பிரேக்குக்கும்
அந்தச் சேதி போய்ச் சேராது.
இறக்கத்தில் அவை பழைய ஆட்கள்தான்.
தகட்டில் அடித்த எண்ணை
என் ஸ்பானர் எதுவும் திருகாது.

அதுவரை பேசாதிருந்த தோரா கேட்டாள்:
"அதனால்தானா ஸ்டியரிங் மிதக்கிறது?
அறுபதில் போகும்போது
முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம்."

சொன்னேன்.
அச்சுக்கு அப்பால், வாலில் வைத்த நூறு
அச்சின்மேல் நூற்றுமுப்பதாய் இறங்கும்.
அந்த முப்பது
முன்சக்கரத்திடம் திருடியது.

"ஆரிகனிலிருந்து ஓட்டி வந்தது நான், வெண்டல்."

அவளே சரிவுப்பலகையை இறக்கினாள்.
கருவிப்பெட்டி. அடுப்பு. ஜெனரேட்டர்.
மூன்றாவது பைக்கை உருட்டும்போது
யாருடையது என்று கேட்டுவைத்தேன்.
"வருகிறவர்களுக்கு" என்றார் அவர்.
தோரா மீட்டரைத் துடைத்துப் பார்த்தாள்.
ஐந்து குளிர்காலம்; நாற்பத்தொரு மைல்.
வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னும் முந்நூறு மிச்சம்.

வெண்டலின் பார்வை
மணல் காரின் மஞ்சள் மூக்கில் நின்றது,
பிறகு தண்ணீர்த் தொட்டியின் குழாய்க்கு நகர்ந்தது.
நூறு காலன். எண்ணூற்றுச் சொச்சம் ராத்தல்.
போவதோ பாலைவனத்துக்கு,
பதினோரு நாளைக்கு.

உள்ளே தொலைபேசி அடித்தது.
யாருக்கோ டயர் விலை வேண்டுமாம்.

திரும்பி வந்தபோது
என் முற்றத்துச் சரளை நனைந்திருந்தது,
ஒரு பாய் விரிக்கிற அகலம், அதற்கு மேல் இல்லை.
குழாயை யார் திறந்தது,
யார் மூடியது என்று கேட்கவில்லை.
தோராவின் முழங்கை வரை ஈரம்.
மணல் கார் மெஸ்கீட் மரத்தடியில் நின்றது,
இருக்கையில் போன வருஷத்து மணலோடு.

மூன்றாவது சீட்டை அவள் மடிக்கவில்லை.
வண்டி கிளம்பித் திரும்புகையில்
முன்சக்கரம் சரளையைக் கடிக்கும் சத்தம்
எனக்கே கேட்டது.

கார் நிறுத்த வாடகை
நாளுக்கு நாலு டாலர் என்றிருந்தேன்.
வெண்டல் ஜன்னலை இறக்கி
நீளமாய் யோசித்துவிட்டு,
மூன்றுக்குக் கிடைக்குமா என்றார்.