முப்பத்தெட்டுத் தையல்

ஜூன் மாதம். புந்தா அரேனாஸில்
பத்து மணிக்குத்தான் விடியும்.
நண்டு ஆலைக்கு ஜூலை வரை பூட்டு.
இருட்டிலேயே எழுந்து
மாத்தேக்குத் தண்ணீர் வைத்துவிட்டு
பிரெண்டாவை ஓடவிடுகிறேன்.

மான்டெர்ரேயில், அவள் முதுகுக்குப் பின்னால்
ஒரு மின்விசிறி சுற்றுகிறது.
கழுத்து வேர்வையைத் துடைத்தபடி
பாபின் மாட்டச் சொல்லித்தருகிறாள்.
எனக்குக் காலில் மூன்று ஜோடி காலுறை.
என் சந்தேகம் எதுவும் அவளுக்குக் கேட்காது;
போன வருஷமே பேசி முடித்துவிட்டாள்.

முதல் வாரம் துணிக்கு அடியில்
நூல் கூடு கட்டியது.
கத்தரித்து எடுத்துப் பார்த்தால்
குருவி ஒன்றுதான் குறை.
இரண்டாம் வாரம் மூன்று ஊசி முறிந்தது.
மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள் என்றாள்,
பாடம் நான்கு, ஒன்பதாவது நிமிடம்.
பதினேழு வருஷம் நண்டுக்கால் உடைத்த விரல்கள்
எதையும் தளர்த்திப் பழகியதில்லை.

மழைக்கோட்டில் தைக்காதே,
ஊசி போன வழியே கடல் வரும். இது பாடம் ஆறு.
அதனால் உள்ளே போடும் கம்பளிச் சட்டைகள்.
ஒரு படகு, ஆறு ஆட்கள், ஆறு பெயர்கள்.
சீசனுக்கு முன்னால் வேண்டும் என்றார் கேப்டன்.
பாரியா வந்தது. கார்கமோ வந்தது. மான்சில்லாவும்.
வேராவுக்கு நாலே எழுத்து, மாத்தே ஆறுவதற்குள் முடிந்தது.
ஒயார்சுன் பாதியில் இருக்கும்போது
காற்று எங்கோ கம்பத்தைச் சாய்த்தது. வீடு முழுக்க இருட்டு.
கரண்ட் வந்ததும் மெஷின் கேட்டது:
2311-வது தையலிலிருந்து தொடரவா?
என்னை விட்டுப்போன மனிதர்
விட்ட இடத்தை இவ்வளவு சரியாக
ஞாபகம் வைத்ததில்லை.

ஆறாவது பெயர் ஞான்குபெல்.
காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு
இருபத்தாறோடு நின்றுவிட்டது. எங்களுக்கு இருபத்தேழு.
எனே என்ற எழுத்தின் தலையில்
ஓர் அலை நின்றால்தான் அது எஞே.
அலை போனால் 'ஆண்டு' என்ற சொல்
ஆசனவாய் ஆகிவிடும்.
வெளிநாட்டு ஃபோனில் புத்தாண்டு வாழ்த்து
அனுப்பியவர்களைக் கேளுங்கள்.
பிரெண்டாவுக்கும் இதே எழுத்துதான்,
ஆனால் பாடம் முழுக்கப் பூவும் யூனிகார்னும்.

போன வருஷச் சட்டையில் நான்குபெல் என்று இருந்தது.
அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.
சீசன் முழுக்க அதை
உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டான்.

ஆகவே நானே வரைந்தேன்.
முதல் அலை மண்புழு.
இரண்டாவது, என் மைத்துனரின் மீசை.
மூன்றாவது எழுத்தின் மேல் விழுந்து கிடந்தது.
ஜன்னல் வழியே ஜலசந்தியைப் பார்த்தேன் என்றால்
அழகாகத்தான் இருக்கும். பார்க்கவில்லை.
மின்கட்டண ரசீதில் அச்சான எஞேயை
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
இடப்பக்கம் ஏற்றம், நடுவில் சரிவு,
நுனியில் மனம் மாறியது போல மறுபடி ஒரு எழும்பல்.
துணி இழுக்கும் என்று கொஞ்சம் அகலம் கூட்டினேன்.
முப்பத்தெட்டுத் தையல். ஐந்து விநாடி.
மேலே வைத்த கரையும் தாளை
ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

சனிக்கிழமை, காற்றுக்காகத் தெருவில் கட்டிய கயிற்றைப்
பிடித்துக்கொண்டே வந்தான்.
கட்டைவிரலை முதல் எழுத்தின் மேல் வைத்தான்.
மெதுவாக ஏறி இறங்கியது விரல்.
'கை கொஞ்சம் குட்டை' என்றான்.
போட்டுக்கொண்டே போனான்.

பாடம் பன்னிரண்டு: விலை வைப்பது எப்படி.
ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்கிறாள் பிரெண்டா.
முப்பத்தெட்டுக்குக் கணக்குப் போட்டேன்,
ஒரு தீக்குச்சி வாங்கக் காணாது.

கேப்டன் மறுபடி கூப்பிட்டார்.
ஆறு சட்டைக்கும் முதுகில் படகின் பெயர் வேண்டுமாம்.
தோஞா ரூத். தோள் முதல் தோள் வரை.
இவ்வளவு பெரிதாக்கினால்
அலை உடையுமா?
எந்தப் பாடத்தில் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
மின்விசிறி சுற்றுகிறது.