கணக்கு நோட்டின் பின்பக்கம்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவுக்குப் பெயர் இல்லை.
நாலாவது கிராஸ் என்றால் ஆட்டோ வரும்.
பக்கத்து வீட்டுக்கு மூன்று பேர் குடிவந்தது மார்கழியில்,
ஓசூர்ப் பனியில் கேட்டுக்குக் கேட்டு தெரியாத மாதம்.
கூரியர் வேலை என்றார்கள்.
கூரியர்தான்.

முதலில் வந்தது வாசனை.
பகல் பன்னிரண்டுக்கு ஊதுவத்தி,
ராத்திரி இரண்டுக்கும் ஊதுவத்தி.
"பக்தியான பசங்க" என்றாள் கௌரம்மா,
எனக்குச் சாமந்தி முழம் போட்டபடி.
போட்ட கை கொஞ்சம் நின்றது.
அவளுக்கும் மூக்கு இருக்கிறது.

சிப்காட்டில் எனக்கு வேலை
லென்ஸுக்குக் கீழே வரும் திருகாணிகளில்
மரை தேய்ந்ததைப் பொறுக்கி ஒதுக்குவது.
ஒரு ஷிப்டுக்கு ஆறாயிரம்.
குறை பார்க்கிற கண்ணைக்
கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை.

அதனால் பார்த்தேன்,
வண்டியை அணைக்காமல் நிற்கிறவர்களை.
ஜன்னல் கம்பிக்குள் கை போய்க் கை வரும்,
பால் பாக்கெட் வாங்கும் நேரம்கூட ஆகாது.
சாக்கடையில் ஓர் ஆரஞ்சு மூடி.
பேனா மூடி என்று குனிந்தேன்.
பேனாவுக்கு அவ்வளவு மெல்லிய மூடி கிடையாது.

வீட்டுக்காரர் பெங்களூரில். போன் செய்தேன்.
"ஒண்ணாம் தேதி காசு வந்துடுதம்மா,
நீங்க ஏன் ராத்திரியில முழிச்சிருக்கீங்க?"
ஷிப்டு என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எட்டு நாளைக்கொருமுறை ஒகேனக்கல் தண்ணீர்.
குழாய் அவர்கள் சுவரோரம்.
அந்த வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை,
குடங்களை மட்டும்
சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தார்கள்.

மூவரில் கிரண் என்பவன்
ஒருநாள் என் சிலிண்டரைத் தோளில் ஏற்றி
மாடிக்குக் கொண்டுவந்தான்.
தண்ணீர் கேட்டான். சொம்பு நடுங்கியது.
"தேங்க்ஸ்க்கா" என்றான், நான் சொல்ல வேண்டியதை.
அந்த ஓர் அக்காவுக்காக
இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.
தர்ஷனின் பழைய கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில்,
பென்சிலால்.
கேஏ ஐம்பத்தொன்று. டிஎன் எழுபது. மறுபடி டிஎன் எழுபது.
எதிரே மணி.
முன்பக்கமெல்லாம் அவன் கையெழுத்து:
எக்ஸின் மதிப்பு காண்க. எக்ஸின் மதிப்பு காண்க.

ஸ்டேஷனுக்குப் போட்டேன்.
முதல் கேள்வி, "உங்க பேரு?"
வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை,
ட்யூஷன் முடிந்து தர்ஷன் வரும் வழி வந்தது,
தெருவிளக்கு எரியாத அந்த நாற்பது அடி.
ராங் நம்பர் என்று வைத்தேன்.
போலீசுக்கே போட்டு ராங் நம்பர் என்றவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
என் நம்பர் அங்கே விழுந்திருக்கும் என்பது
கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகு உறைத்தது.

இன்று விடியற்காலை நோட்டைப் பிரித்தேன்.
பதினேழு எண்கள் இருந்த இடத்தில் பதினாறு.
நடுவில் ஒரு வரி வெள்ளையாக.
தையல் மடிப்பில் ரப்பர் துகள்,
ஊதியும் போகாதது.

தர்ஷன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்திருந்தான்.
தூங்குகிறவர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை.

டியூப்லைட்டுக்கு நேரே தாளைச் சாய்த்தேன்.
பென்சில் போனாலும் பள்ளம் போகாது,
மூன்று கார்பன் காப்பிக்கு
அழுத்தி எழுதிப் பழகிய கை இது.
எண் தெரிந்தது. வண்டியும் தெரியும்.
போன மாதம் ஒரு மழையில்
அதன் பின்சீட்டில்தான் வந்து இறங்கினான்.
"ஃப்ரெண்டோட அண்ணன்மா."

பயந்து அழித்தானா,
அந்த அண்ணனைக் காப்பாற்றவா,
இல்லை, அந்த ஜன்னல் கம்பி
இவன் கைக்கும் பழக்கமா.
எக்ஸுக்கு மூன்று விடை வந்தால்
போட்ட வழி தப்பு என்பார் அவன் சார்.

பேனாவை எடுத்து
வெள்ளை வரியில் அதே எண்ணை எழுதினேன்.
டீ போட்டேன், இரண்டு டம்ளர்.
"தர்ஷா, எழுந்திரு.
ஸ்டேஷனுக்குப் போகணும்.
அதுக்கு முன்னாடி நீ எங்கிட்ட பேசணும்."

போர்வைக்குள் மூச்சு நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
தீக்குச்சி கிழித்தார்கள்.
கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தி வாசம் வந்தது.
டீயில் ஆடை படியும்வரை
நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.