அரை ஆள்

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
வாஷிங்டனில், ஐந்தாம் மாடியில்,
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

இந்த வாரத்து மாடு
வர்ஜீனியாவில், ஹாரோஸ்ஃபோர்டு போர்க்களப் பூங்காவின்
கிழக்கு எல்லையை ஒட்டி
நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.
ஒரு செங்கல் வீடு, காயம்பட்டவர்களை
அந்த நாளில் கிடத்தியிருந்த களஞ்சியம்,
ஆழம் தெரியாத கிணறு.
கொடுப்பவர் லொரீனா ஸ்டாம்பா, வயது எண்பத்தொன்று.
விலை இல்லை.

மசோதா ஒன்றரைப் பக்கம்.
ஐந்தாண்டில் என்ன செலவாகும் என்று
திங்கட்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.

நிலத்துக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யத்துக்குப் பசித்தது.
வேலி கேட்டது. பெயர்ப்பலகை கேட்டது.
கூரைக்கு ஸ்லேட் ஓடு, அதுவும் அந்தக் காலத்து ஓடு.
புல் வெட்ட இயந்திரம்,
இயந்திரத்துக்குக் கொட்டகை,
கொட்டகைக்குக் குழி தோண்டுமுன்
மண்ணில் எலும்பு இருக்கிறதா என்று பார்க்க
ஒரு தொல்லியலாளர்.
எல்லாம் கொடுத்த பிறகு
ஆள் கேட்டது. அரை ஆள் கொடுத்தேன்.

அப்படித்தான் எழுதுவோம்: புள்ளி ஐந்து.
ரேஞ்சரில் பாதி.
தொப்பி உள்ள பாதியா
சாவிக்கொத்து உள்ள பாதியா என்று
படிவம் கேட்பதில்லை.

சனிக்கிழமை, யாரும் அனுப்பாமல்,
காரை எடுத்துக்கொண்டு போனேன்.
வரைபடத்தில் எல்லைக்கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்.
தரையில் அது இருபத்துநாலு மீட்டர்.
கோட்டுக்குள்ளேயே ஒரு பேரிக்காய் மரம்,
துருப்பிடித்த டிரெய்லர், கோழிக்கூண்டு.
கோழிகள் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
"முட்டை என் பக்கம்" என்றார் லொரீனா.

வேலியோரம் வண்டியை நிறுத்தி இறங்கினார்
மாவட்டப் பொருளாளர் ட்வைட் ஆக்கர்மன்.
"கூட்டரசு நிலவரி கட்டாது, தெரியுமில்லையா?"
தெரியும். ஈட்டுத்தொகை என்று கொஞ்சம் வரும்.
"வரும். ஏக்கருக்கு ஒரு காப்பிக் காசு.
மிச்சம்,
மூன்றாம் தடத்துப் பள்ளிப் பேருந்துக்கு
குளிர்காலம் முழுக்க டீசல்."
கோபமாகச் சொல்லவில்லை.
பூங்கா வரட்டும் என்றுதான் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

என் அட்டவணையில்
கூட்டரசின் செலவுக்குத்தான் பத்தி உண்டு.
டீசலை எங்கே வைப்பது?
திரும்பும் வழியெல்லாம், அறுபது மைல்,
இடம் தேடிக்கொண்டே ஓட்டினேன்.

திங்களன்று எழுதினேன்:
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர்.
வரவுசெலவில் தாக்கம், பொருட்படுத்தத்தக்கதன்று.
அடியில், எட்டாம் அளவு எழுத்தில்,
"நிதி ஒதுக்கப்பட்டால்."
மேலாளர் ஓர் எழுத்தும் திருத்தவில்லை.

மசோதா நிறைவேறியது, புகைப்படம் எடுத்தார்கள்.
நிதி ஒதுக்கப்படவில்லை.
வேலி வரவில்லை, அரை ஆள் வரவில்லை.
மார்ச்சில் எனக்கு ஒரு கடிதம் வந்தது,
முகவரி பென்சிலில்:

களஞ்சியத்தின் வடகிழக்கு மூலை ஒழுகுகிறது.
பூட்டைத் திறக்க நான்தான் போகிறேன்.
ஒழுகும் மழை இப்போது அரசாங்கத்தினுடையது
என்று ட்வைட் சொல்கிறார்.
இருக்கட்டும்.
வாளி என்னுடையது.