துணைக்கால்

வேலான் என்பதை வேலன் ஆக்க
தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் ஆறு நடை.
"ஒரே ஒரு கால்தானுங்க,
இதுக்கா இத்தனை செலவு?" என்றாள்
இ-சேவை மையத்துப் பெண்.

ஒண்ணாம் வகுப்பில் வாத்தியார்
கேட்காமலே போட்ட கால்.
அப்பன் சின்னான், சித்தப்பன் கருப்பான்,
எங்களுக்கு எப்படி முடியும் என்று
அவர் பேனாவுக்குத் தெரிந்திருந்தது.
அந்தக் காலில்தான் நின்றேன்
களத்துக்கு வெளியே
கூலிக்கும், மிச்ச மோருக்கும்.

பச்சை மைக் கையெழுத்து, கட்டணம், காத்திருப்பு.
அரசிதழ் வந்தது:
"இதுமுதல் வேலன் என்றே அழைக்கப்படுவேன்."
யாரால் என்று அதில் இல்லை.

ஆதாருக்கு விரல் வைத்தேன்.
சாயப்பட்டறை தின்ற ரேகை
ஏழு முறையும் விழவில்லை.
கண்ணைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

வங்கியில் "வேலன் சார்" என்று
இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.
யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் தோட்டத்துச் சின்னவர்,
என் மகன் வயசு:
"டேய் வேலா!"

பாருங்கள், கூப்பிடும்போது
கால் கடைசியில் முளைத்துவிடுகிறது.
அதை எடுக்க விண்ணப்பம் இல்லை.

திரும்பவில்லை நான்.
மூலனூர் பஸ் வந்தது.
முன் சீட்டில் உட்கார்ந்து
ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டேன்.