வாட்டம்

லைன் வீடு பதினாலு, குளிக்கிற ரூம் ரெண்டு.
இந்தக் கணக்கைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.
சுவரில் இடம் போதாது.

கம்பெனியில் துணிக்கு அடையாளம் போடுகிற
நீல மார்க்கரை எடுத்து வந்திருந்தேன்.
ஈரச் சுவர் மையைக் குடித்துவிட்டு
'குளித்தவர்' என்பதில் 'ளி'யைப் பாதிதான் விட்டது.
போகட்டும், புரியும்.

குளித்தவர் ஜாலியில் சிக்கிய முடியை எடுக்கவும்.
ஷாம்பு பாக்கெட்டை உள்ளே விடவேண்டாம்.
துவைக்கிற கல் வெளியே இருக்கிறது, வெளியே.

இரண்டாவது 'வெளியே' ஓச்சாயிக்கு.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
யாராவது படித்துக் காட்டுவார்கள்,
அந்த நேரம் நான் வீட்டில் இருக்கக் கூடாது.

போன ஞாயிறு எங்கள் முறை, ஏழாம் நம்பர்.
ஜாலியைத் தூக்கிக் குச்சியில் சுற்றினால்
வந்துகொண்டே இருக்கிறது:
எண்ணெய் முடி, டை அடித்த முடி,
யாருடையதோ கால் கொலுசின் ஒரு மணி,
அப்புறம் பஞ்சு.
ஓவர்லாக் மிஷின் நாளெல்லாம் துப்பியது
எங்கள் புருவத்தில், காதில், கழுத்து மடிப்பில் ஏறி
சாயங்காலம் இங்கே இறங்கி
எல்லார் முடியோடும் ஒரே கயிறாக முறுக்கிக் கிடக்கிறது.
என்ன கலர் ஆர்டர் ஓடுகிறதென்று
ஜாலியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.
அன்றைக்கு ஆரஞ்சு. ஏதோ குளிர் தேசத்துக்
குழந்தைகளின் பனியன்.

அத்தனையும் எடுத்த பிறகும் தண்ணீர் போகவில்லை.
கணுக்கால் வரை நின்று யோசித்தது.

சேத்துப்புண் எனக்குத்தான் முதலில்,
பிறகு மூணாம் நம்பர், பிறகு ஓச்சாயியின் சின்னவன்.
மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவியபடி
வாசலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்:
பதினோராம் நம்பர் ஒடிசாப் பையன்களால்தான்.
ஷிப்டுக்கு முன்னால் ஒரு குளியல், பின்னால் ஒன்று.
"அவிங்களுக்குத் தனி நேரம்னு எழுதிப்போடு கண்ணு,
உன் கையெழுத்துத்தான் முத்தாட்ட இருக்குது."

முத்துப் போன்ற கையெழுத்து.
மார்க்கர் மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.
'பதினோ' வரை எழுதியும் விட்டேன்.

அப்போது துண்டோடு வந்தான் பிஜய்.
சுவரைப் பார்த்தான், படிக்கவில்லை.
கீழே பார்த்தான். கோயமுத்தூரில் ஒரு வருஷம்
டைல்ஸ் மேஸ்திரிக்குக் கையாளாக இருந்தவனாம்.
ஓச்சாயி மகனிடம் கோலிக்குண்டு வாங்கி
தரையைத் துடைத்து, ஜாலிக்குப் பக்கத்தில் வைத்துக்
கையை எடுத்தான்.

குண்டு கொஞ்சம் தயங்கியது.
பிறகு ஜாலிக்கு முதுகைக் காட்டிவிட்டு
உருண்டு உருண்டு வாசல்படி மூலையில் போய் முட்டியது.

இன்னொரு தடவை. அதே மூலை.
பதினாலு வீடும் தோளில் துண்டோடு எட்டிப் பார்க்க
மூணாம் நம்பர் அக்காள் தானே ஒருமுறை உருட்டினாள்.
அதே மூலை.

ஓனர் நாச்சிமுத்துக்குப் போன் போட்டோம்.
டிவிஎஸ்ஸை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தார்,
அப்புறம் நிறுத்தினார்.
குண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"குண்டே கோணலாட்ட இருக்குதுங்க" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. அவரும்.
"செரி, ஆடி நோம்பி கழியட்டும்.
ஒடச்சு வாட்டம் போட்டுக்கலாம்."

போகும்போது குண்டைச்
சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.
பையன் ராத்திரி வரைக்கும் அழுதான்.

'பதினோ'வை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன்.
சுவர் குடித்தது குடித்ததுதான்.
அதனால் அங்கிருந்தே தொடர்ந்தேன்:
பதினோரு மணிக்கு மேல் கடைசியாகக் குளிப்பவர்
தண்ணீரைச் சீமாறால் ஜாலிக்குத் தள்ளிவிட்டுப் போகவும்.

அதற்குக் கீழே பிஜய்
அவன் எழுத்தில் ஒரு வரி எழுதினான்.
எல்லாம் வட்டம் வட்டமாக இருந்தது,
வரிசையாகக் கோலிக்குண்டு வைத்த மாதிரி.
நான் சொன்னதையே எழுதினானா,
வேறு ஏதாவதா, தெரியாது. கேட்கவில்லை.

ரெண்டாம் ஷிப்ட் முடிந்து நேற்று
கடைசி ஆளாகக் குளித்தேன்.
சீமாறு எடுத்துத் தள்ளத் தள்ளத்
தண்ணீர் திரும்பித் திரும்பி வாசலுக்கே வருகிறது.
தள்ளினேன். பன்னிரண்டு அடித்தது.
வெளியே பிஜய் வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.