இரண்டு எண் பாக்கி

எண்பத்தாறில் அவர் போனபோது
கல்லில் என் பெயரையும் சேர்த்தே வெட்டச் சொன்னார் கொழுந்தன்.
எழுத்துக்கு மூன்று ரூபாய்.
நாளைக்கு நாலாகும், அஞ்சாகும்,
இப்பமே வெட்டிப் போட்டுருவோம் மயினி.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
அழுதுகொண்டே தலையாட்டினேன்.

இடப்பக்கம் வே. சத்தியநேசன், 1938 – 1986.
வலப்பக்கம் ச. ரெத்தினபாய், 1942 – 19
அதற்கப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு
மழமழவென்று வெறும் கருங்கல்.
மயிலாடி ஆசாரி துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்:
பணம் வரவு. இரண்டு எண் பாக்கி.

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில்
என் பெயருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.
பார்த்தவர்களுக்கு ஒருமாதிரி இருந்திருக்கும்.
எனக்கு அது ரேஷன் கார்டில் பெயர் இருப்பதுபோலத்தான்.
ஆனாலும் எண்ணுகிற பழக்கம் விழுந்துவிட்டது.
மூத்தவளுக்குக் கல்யாணம், மிச்சம் பதினொன்று.
மழையில் பின்சுவர் சரிந்தது, மிச்சம் ஏழு.
கருப்பை எடுத்த வருஷம், மூன்று.
ஊராருக்குத் தபாலாபீஸ் பத்திரம் பிடித்துக் கொடுக்கிறவள் நான்.
இரண்டாயிரத்து மூன்றில் முதிரும், நாலில் முதிரும் என்று
பென்சிலால் குறித்துக் கொடுத்த கை
வீட்டுக்கு வந்து
தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

டிசம்பர் முப்பத்தொன்று, வெள்ளி.
திங்கள்சந்தையில் ராத்திரி பத்துக்கே ஆலயம் நிறைந்து
வெளியே தார்ப்பாய்ப் பந்தல்.
கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போகுமாக்கும் என்றான்
பேங்க்கில் இருக்கிற ஜெபசிங்.
வானமே சுருட்டப்படும் என்றது மைக்.
சிலர் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள்.
எதற்கும் இருக்கட்டும் என்று
நான் நல்ல சேலையாக உடுத்தியிருந்தேன்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. எல்லோரும் முழங்காலில்.
கல் சொன்னபடி நடக்க
எனக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.
பின்னால் ஒரு குழந்தைக்கு விக்கல்.
முட்டு வலித்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்,
வேறொன்றையும் இல்லை.
மணி அடித்தது.
ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஹேப்பி நியூ இயர் அக்கா, என்று
கையைப் பிடித்தாள் எஸ்தர்புஷ்பம்.
கடைசி பஸ் கண்முன்னால் போய்விட்ட பிறகு
வருமே ஒரு நிம்மதி,
இனி ஓட வேண்டாம் என்று, அது வந்தது.
அவர் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்,
நாற்பத்தெட்டு வயசில்.
இந்த நூற்றாண்டில் அவருக்கு ஒரு தெரு தெரியாது.
நான்தான் எல்லாம் சொல்ல வேண்டும்.
சொல்லலாம். கேட்பாரா என்பது வேறு,
இருந்தபோதே கேட்டவர் இல்லை.

விடிந்ததும் மயிலாடிக்குப் புறப்பட்டேன்.
வள்ளுவர் சிலை திறக்கிற நாள்,
நாகர்கோவிலில் ஏறிய கூட்டம் முழுக்கக் குமரிக்கு.
சுசீந்திரம் வரை ஒற்றைக்கால்.

ஆசாரி இறந்து ஆறு வருஷமாம். மகன் இருந்தான்,
புருவம் வரை கல்தூள்.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
அப்பா கையெழுத்துதான்.
சிமென்ட் வைத்து அடைத்தால் நிறம் காட்டும் அம்மா.
மேல்தோலைச் சீவினால் அவர் பெயரும் சேர்ந்து போகும்.
பழசைக் கோடு போட்டு அடித்துவிட்டுப்
பக்கத்தில் வெட்டலாம், பரீட்சைத் தாளில் பிள்ளைகள் திருத்துவதுபோல.
எப்படியும் நாலு எண் ஆகும்.
இப்போ எண்ணுக்குப் பதினைந்து.

இரண்டுக்குப் பணம் தந்தாச்சு என்றேன்.
அது அன்றைய ரேட்டு என்றான்.
பிழை என்னுடையதில்லையே என்றேன்,
நான் இருந்துவிட்டேன், அவ்வளவுதானே.

சிரித்துவிட்டான். சரி, இரண்டுக்கு மட்டும் தாங்க. எப்போ வேணும்?

வாய் திறந்தேன், பதில் வரவில்லை.
ரோட்டில் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
இப்போதைக்கு எழுதிக் குடு மக்கா, என்றேன்.

புதுச் சீட்டு எடுத்தான்.
இரண்டு எண் பாக்கி.
தேதி போடும்போது 1.1.19 என்று எழுதி
நின்றான், பேனாவைப் பார்த்தான்,
அழுத்தி அடித்தான்.
அடித்த இடத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.