ஒரு பக்க அகலம்

ஐஸ்லாந்தின் வடகோடி. மழை.
ஆடுகள் மலையிறங்க இன்னும் இரண்டு நாள்.
தோர்டிஸ் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கிறாள்:
காதுப்பட்டை எண், நிறம், வயது, குட்டிகள், உரியவர்.
கடைசி நெடுவரிசை மட்டும்
இரண்டாம் தாளில் தனியே நிற்கிறது
வேலி தாண்டிய கிடாய் போல.

தாளைக் கிடையாக்குகிறாள்.
ஓரங்களை ஒடுக்குகிறாள்.
அகலம்: ஒரு பக்கம்.
தலைப்பு வரி தாள்தோறும் வரட்டும்.

எல்லாம் உள்ளே வந்துவிட்டன,
எழுத்துத்தான் எறும்பாகிவிட்டது.
கொட்டும் மழையில், கையுறையோடு, யார் படிப்பார்?

ஓடினதையே வெட்டு.
'உரியவர்' மேல் வலச்சொடுக்கு. மறை.
அப்பாடா, என்ன அழகு!

சனிக்கிழமை, பட்டி வாசலில்
எய்வின்டுர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
"சரி, இதில் எது என்னுடையது?"

எண்ணூறு ஆடுகள் பதில் சொல்கின்றன,
ஒரே சமயத்தில்.